பச்சை மையில் பனியாறு

பூகோள டீச்சரிடம் ஒரு கம்பளிக் கோட்டு இருந்தது. அதற்கு ஒன்பது வயது ஆகியும் ஒரு குளிரைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. டீச்சரின் வீட்டுக்காரர் தையல்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை முதன்முதலாகப் பனி நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா கூட்டிப்போகிறார்கள், துணைக்குப் போகிறவர்கள் பட்டியலில் மனைவி பெயர்தான் முதலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து தைத்த கோட்டு அது. உள்ளே இரண்டு அடுக்கு, வெளியே ஒன்று, கழுத்தைச் சுற்றித் தலையணை மாதிரி ஒரு பட்டை. முதல் தடவை அதைப் போட்டுக்கொண்டு டீச்சர் வாசலுக்கு வந்தபோது தெருநாய் ஒன்று கரடி என்று நினைத்து ஓடியது. அது இன்றுவரை அந்தத் தெருவுக்குத் திரும்பவில்லை. நாலு தெரு தள்ளி ஒரு பேக்கரி வாசலில் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறது.

கோட்டு குளிரைப் பார்க்காததற்குக் காரணம் பெரிய சார். தலைமையாசிரியரை அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். முதல் வருஷமே பட்டியலில் டீச்சர் பெயர்மேல் பச்சை மையால் ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலே தம் மச்சினன் பெயரை எழுதினார். மச்சினன் அதே பள்ளியில் ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருப்பவன். துடைப்பம் எத்தனை, வாளி எத்தனை என்று யாராவது கேட்டால் "தேவையான அளவு இருக்கு" என்று சொல்வது அவன் வேலை. இரண்டாம் வருஷமும் கோடு. மூன்றாம் வருஷமும் கோடு. ஒவ்வொரு தடவையும் பெரிய சார், "அடுத்த வருஷம் நிச்சயம் நீங்கதான் டீச்சர்" என்பார். ஒவ்வொரு தடவையும் தையல்காரர் கோட்டை இறக்கி, இடுப்பில் அரை அங்குலம் பிரித்துவிட்டு, திரும்ப மாட்டுவார்.

"இந்த ஆளு இன்னும் நாலு வருஷம் கோடு போட்டா, கோட்டு பத்தாது. கூடாரம்தான் தைக்கணும்" என்பார்.

டீச்சர் சும்மா காத்திருக்கவில்லை. பனி நாட்டுக்காரர்களின் மொழியைப் படித்தார். தலையணை உயரத்துக்கு ஒரு புத்தகமும், பன்னிரண்டு ஒலிநாடாக்களும். சமையலறையில் காய் நறுக்கும்போது ஒலிநாடா ஓடும், டீச்சர் பதில் சொல்வார். ஒன்பது வருஷத்தில், சமையலறைக்குப் பக்கத்திலேயே தையல் மெஷினைப் போட்டிருந்த பாவத்துக்கு, வீட்டுக்காரருக்கும் 'காபி ஆறிப்போச்சு' என்கிற அளவுக்கு அந்த மொழி வந்துவிட்டது.

பெரிய சாருக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஒவ்வொரு வருஷமும் போய்வந்தார்.

போய்வந்தால் மட்டும் போதாது. கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை ஒன்று அனுப்ப வேண்டும். 'வெளிநாட்டுச் சுற்றுலாவால் விளைந்த கல்விப் பயன்கள்', எட்டுப் பக்கம், பக்கத்துக்குப் பக்கம் தலைமையாசிரியர் கையெழுத்து. திரும்பிய மூன்றாம் நாள் போய்ச் சேர வேண்டும். பெரிய சாரோ பயணக் களைப்பில் ஐந்து நாள் தூங்குகிறவர். ஆகவே முதல் வருஷமே ஒரு வழக்கம் உண்டாயிற்று. கிளம்புவதற்கு முன்பே அறிக்கை எழுதப்பட்டுவிடும். எழுதுகிறவர், போகாத பூகோள டீச்சர். "நாடு நகரம் எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்?" என்று பெரிய சார் அதற்கு நியாயமும் சொன்னார். டீச்சர் எழுதிக் கொடுப்பார், குமாஸ்தா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டுக் காகிதம் ஒட்டுவார், பெரிய சார் மஞ்சளைப் பார்த்த இடமெல்லாம் பச்சையைப் போடுவார். மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது கிடையாது. விமானம் திரும்பிய தகவல் வந்ததும் குமாஸ்தா தேதி போட்டு அனுப்புவார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்பு, வராத ஒரு பிள்ளையை வந்ததாகக் காட்டிய வருகைப் பதிவேட்டில் டீச்சர் அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரிய சார் அவரைக் காலைக் கூட்டத்தில், அறுநூறு பிள்ளைகள் முன்னால், மேடையில் ஏற்றி மன்னிப்புக் கேட்க வைத்தார். அதோடு விட்டாரா? 'படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இந்தப் பள்ளியில் பேனா பிடிக்கத் தகுதி இல்லாதவர்' என்று ஓர் ஆணை எழுதி, கீழே பச்சையில் கையெழுத்துப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, மண்டபத்து மேடைக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார். டீச்சர் மேடையேறும்போதெல்லாம் அது அவரைப் பார்க்கும். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஒன்பதாம் வருஷம் டீச்சருக்குக் கடைசிக்கு முந்திய வருஷம். அடுத்த வருஷக் கடைசியில் ஓய்வு. இந்தத் தடவை போகாவிட்டால் இன்னும் ஒரே ஒரு தடவைதான். பெரிய சாரே கூப்பிட்டு, "பெட்டி வாங்கிக்குங்க டீச்சர்" என்று சொல்லியிருந்தார். டீச்சர் வாங்கிவிட்டார். சக்கரம் வைத்த பெட்டி. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அறைக்கு அழைத்தார்.

"உக்காருங்க டீச்சர். ஒரு சின்ன சங்கடம்."

டீச்சர் மேசையைப் பார்த்தார். பட்டியல் இருந்தது. கோடு இருந்தது. மை இன்னும் காயவில்லை.

"மச்சினனுக்கு மூச்சுத் தொந்தரவு. குளிர்க் காத்து பட்டா நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"போன வருஷம் முட்டிவலின்னு சொன்னீங்களே சார்?"

"அது போன வருஷக் குளிர்ல சரியாப் போச்சு."

வாசல் பக்கம் நின்றிருந்த மச்சினன் முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினான். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரணுமா? போன தடவை கீ செயின் கொடுத்தேனே, நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அடுத்த வருஷம் நிச்சயம் நீங்கதான்" என்றார் பெரிய சார். "அப்புறம், அந்த அறிக்கை... வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுருவீங்கல்ல? இந்தத் தடவை கொஞ்சம் கனமா எழுதுங்க. புது அதிகாரியம்மா வந்திருக்காங்க. எல்லாத்தையும் படிக்கிற ஆளாம்."

"கனமா எழுதிடறேன் சார்" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து கோட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து பார்த்தார். இடுப்புப் பக்கம் தையலைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தார்.

"வேண்டாங்க" என்றார் டீச்சர். "இந்தத் தடவை பிரிக்க வேண்டாம்."

"இளைச்சிட்டியா என்ன?"

"இல்ல. அந்த ஆள இளைக்க வைக்கப் போறேன்."

மறுநாள் பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து டீச்சர் எழுத ஆரம்பித்தார். நான்கு மாலை எழுதினார். முதல் மூன்று பக்கம் வழக்கம்போல: பிள்ளைகளின் பார்வை விரிந்தது, தன்னம்பிக்கை வளர்ந்தது, பிற மக்களை மதிக்கக் கற்றார்கள். நான்காம் பக்கத்திலிருந்து தலைப்பு, 'தலைமையாசிரியராகிய எனக்கு விளைந்த கல்விப் பயன்கள்'.

'பனி நாட்டுப் பள்ளியில் தலைமையாசிரியரே வாரம் ஒரு நாள் கழிவறைகளைத் தம் கையால் கழுவுகிறார். அதைக் கண்டு நான் கண்ணீர் விட்டேன். இனி வெள்ளிதோறும் எங்கள் பள்ளியின் பதினான்கு கழிவறைகளையும் நானே கழுவுவேன் என உறுதி கூறுகிறேன். வாளி தூக்க என் மைத்துனர் முன்வந்துள்ளார். அங்கே தலைமையாசிரியர் காரில் வருவதில்லை. இனி நானும் நடந்தே வருவேன். அங்கே தலைமையாசிரியர் பிள்ளைகளோடு வரிசையில் தட்டேந்தி நின்று உண்கிறார். இனி நானும் நிற்பேன், கடைசி ஆளாக. மேலும், இந்த ஒன்பது பயணங்களின் பலனாக அந்நாட்டு மொழியை மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசும் அளவுக்குக் கற்றுத் தேர்ந்துள்ளேன்.'

வெள்ளிக்கிழமை குமாஸ்தா எட்டுத் துண்டுக் காகிதம் ஒட்டினார். ஒட்டும்போது நான்காம் பக்கம் அவர் கண்ணில் பட்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். பெரிய சார் குமாஸ்தாவின் தேநீர் இடைவேளையை எட்டு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைத்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது.

"நான் ஒட்டுறது மட்டும்தான் டீச்சர்" என்றார். "படிக்கிறது என் வேலை இல்ல." ஒன்பதாவதாக ஒரு துண்டை, பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று, மொழி கற்ற வரிக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்.

பெரிய சார் பேனாவைத் திறந்தார். "கனமா இருக்கா?"

"நல்ல கனம் சார். ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்களேன்."

இதைக் கேட்கத்தான் வேண்டும் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

"உங்க எழுத்தை நான் படிச்சுப் பாக்கணுமா?" என்று சிரித்தபடி ஒன்பது கையெழுத்துப் போட்டார் பெரிய சார். போட்டுக்கொண்டே மச்சினனிடம், விமானத்தில் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதைப் பேசி முடித்தார்.

பத்து நாளில் திரும்பினார்கள். பெரிய சார் தூங்கப் போனார். குமாஸ்தா தேதி போட்டு அனுப்பினார்.

திரும்பிய பிள்ளைகளில் ஏழாம் வகுப்புக்காரி ஒருத்தி இருந்தாள். வகுப்பில் டீச்சர் வழக்கம்போல் கரும்பலகையில் மலை வரைந்து, வெள்ளைச் சாக்பீஸால் பனியாறு வரைந்தபோது கையைத் தூக்கினாள்.

"டீச்சர், பனியாறு வெள்ளையா இல்ல."

"வேற எப்படிம்மா இருக்கு?"

"நீலம் டீச்சர். மேல அழுக்கு. ஆனா வெடிச்ச இடத்துல உள்ள பாத்தா நீலம். மை கொட்டின மாதிரி நீலம். பக்கத்துல போனா முனகுது."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருஷமாகப் பனியாற்றை வெள்ளையில் வரைந்துகொண்டிருந்தார் அவர். கிட்டத்தட்ட நாலாயிரம் பிள்ளைகள் தலையில் அந்த வெள்ளை ஏறியிருக்கும். எட்டுப் பக்கம் எட்டுப் பக்கமாக ஒன்பது வருஷம் எழுதிய கல்விப் பயனில் எங்கேயும் இந்த ஒரு சொல் இல்லை. நீலச் சாக்பீஸ் வேண்டும் என்று ஸ்டோர் ரூமுக்கு ஆள் அனுப்பினார். தேவையான அளவு இல்லை என்று பதில் வந்தது.

அன்று டீச்சருக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

பெரிய சார் எழுந்து பள்ளிக்கு வந்த நாள், அவருக்கு முன்பே அதிகாரியம்மாளின் கடிதம் வந்திருந்தது. குமாஸ்தா அதைப் பவ்வியமாக மேசைமேல் வைத்தார். அதிகாரியம்மாள் தம் பணிக்காலத்தில் இப்படியோர் அறிக்கையைப் படித்ததில்லையாம். அதை அச்சடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கப் போகிறாராம்.

"எதை வந்து பாக்கப் போறாங்க?" என்றார் பெரிய சார்.

குமாஸ்தா அறிக்கையின் நகலை நான்காம் பக்கத்தில் பிரித்து வைத்தார்.

பெரிய சார் படித்தார். மச்சினனும் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான். "மாமா, நான் எப்ப முன்வந்தேன்?" என்றான்.

டீச்சர் வந்து நின்றார். பெரிய சாரின் முகம் அவருடைய மையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"என்ன டீச்சர் இது?"

"கனமா எழுதச் சொன்னீங்களே சார்."

"அந்தம்மாவுக்கு இப்பவே போன் போடறேன். நான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்னு..."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து நிமிர்ந்தார். திறந்திருந்த கதவு வழியாக மண்டபம் தெரிந்தது. மண்டபத்துச் சுவர் தெரிந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டம் தெரிந்தது. போனைக் கீழே வைத்தார்.

"பதினாலு கழிவறையா?" என்றார்.

"மாடியில நாலு, கீழ பத்து சார்" என்றார் குமாஸ்தா.

வெள்ளிக்கிழமை பெரிய சார் நடந்து வந்தார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டு, பதினான்கையும் கழுவினார். மச்சினன் வாளி தூக்கினான். ஸ்டோர் ரூமில் பிரஷ் எத்தனை இருக்கிறது என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது: ஒன்று. அதுவும் பாதி. டீச்சர் எதிர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விடைத்தாள் திருத்துகிற பாவனையில் பார்த்தார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் திருத்திய தாள்களில் ஒருவரும் தோற்கவில்லை.

ஆனால் விஷயம் டீச்சர் நினைத்தபடி போகவில்லை. அதிகாரியம்மாள் கைதட்டினார். அடுத்த வெள்ளி நாலு பள்ளிக்கூடத்திலிருந்து வேனில் வந்து பார்த்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. பெரிய சார் பிரஷ் பிடித்துப் போஸ் கொடுக்கக் கற்றுக்கொண்டார். நடந்து நடந்து தொந்தி கரைந்தது. வரிசையில் கடைசியாக நின்று சாப்பிட்டதில் பிள்ளைகள் அவரிடம் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். கழிவறைகளின் பளபளப்பைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கண்ணாடி பார்த்துத் தலை சீவ ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அங்கேதான் போனார்கள்.

"அந்த ஆளுக்கு நான் தண்டனை எழுதினா, அதை வச்சுப் பேர் வாங்கறாருங்க" என்று வீட்டில் பொருமினார் டீச்சர்.

தையல்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "இன்னொரு வரி எழுதியிருந்தியே, அது என்னாச்சு?" என்றார்.

அந்த வரி வந்துகொண்டிருந்தது. விமானத்தில்.

அச்சடித்த அறிக்கை எப்படியோ பனி நாட்டுப் பள்ளிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை தம் பிள்ளைகள் இருபது பேரோடு கல்விச் சுற்றுலா கிளம்பி இங்கே வருவதாக எழுதினார். மண்டபத்தில் வரவேற்பு. அதிகாரியம்மாள் பெரிய சாருக்குத் தொலைபேசியில் சொன்னார்: "மொழிபெயர்ப்பாளர் யாரும் வேண்டாம்னு சொல்லிட்டேன் சார். நீங்கதான் இருக்கீங்களே!"

அன்று மாலை பெரிய சார், ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஆசிரியர் அறைக்குத் தாமே நடந்து வந்தார். மற்றவர்கள் போகும்வரை ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நடந்தது நடந்துபோச்சு. நீங்க அந்த மொழி படிச்சிருக்கீங்களாமே, குமாஸ்தா சொன்னார். மேடையில திரைக்குப் பின்னாடி நின்னு மெதுவாச் சொல்லிக் கொடுத்தீங்கன்னா, நான் சத்தமாச் சொல்லிடுவேன். அடுத்த வருஷம் நிச்சயம்..."

"அடுத்த வருஷம் பத்தி இப்ப எதுக்கு சார்? சொல்லிக் கொடுக்கறேன். அவங்க சொல்றதுல ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

இது பொய். டீச்சர் அந்த வாரம் முழுக்கக் காய் நறுக்கியபடி பொய்யாகவே யோசித்தார். பெரிய சார் வாயாலேயே பெரிய சாரைத் திட்டவைக்கப் பதினோரு வாக்கியம் தயார் செய்து, ஒரு சீட்டில் எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய் நின்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அதிகாரியம்மாள். அவருக்குப் பக்கத்தில் தையல்காரர். யார் அவரை அங்கே உட்கார வைத்தது என்று தெரியவில்லை. பனி நாட்டுத் தலைமையாசிரியை உயரமான, சிரித்த முகக்காரி. பேச ஆரம்பித்தார்.

"உங்க ஊருக்கு வந்ததுல ரொம்ப சந்தோஷம்" என்று திரைக்குப் பின்னிருந்து வந்தது. பெரிய சார் அதை வாங்கி, "தங்கள் ஊருக்கு வந்ததில் பேருவகை கொள்கிறேன்!" என்று முழங்கினார். கைதட்டல்.

"ஒன்பது வருஷமா உங்க பிள்ளைங்க எங்ககிட்ட வர்றாங்க. கேள்வி கேட்டே எங்க வாத்தியார்களைக் களைப்பாக்கிடுவாங்க." இதையும் முழங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய சாருக்குத் தைரியம் வந்துவிட்டது. திரையிலிருந்து வருவதற்கும் அவர் வாயிலிருந்து போவதற்கும் இடைவெளியே இல்லாமல், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி போக ஆரம்பித்தது.

டீச்சர் ரவிக்கைக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். அப்போது அந்த அம்மாள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். டீச்சர் சீட்டை மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார். அது தேவைப்படவில்லை.

"ஆனா உங்க தலைமையாசிரியரை..."

"ஆனால் உங்கள் தலைமையாசிரியரை" என்று பெரிய சார் மார்பை நிமிர்த்தினார்.

"...போட்டோ எடுக்கிற நேரத்துல மட்டும்தான் நாங்க பாத்திருக்கோம்."

நிதானிப்பதற்குள் பெரிய சார் அதையும் முழங்கி முடித்துவிட்டார். மண்டபத்தில் யாரோ களுக்கென்றார்கள். அந்த அம்மாளும் வேடிக்கையாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். பெரிய சார் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"ம், நிறுத்தாதீங்க சார்" என்றார் அதிகாரியம்மாள் கீழேயிருந்து. "மேல சொல்லுங்க."

திரைக்குப் பின்னாலிருந்து நிதானமாக வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. பெரிய சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் இறங்கிக்கொண்டே போனது.

"பிள்ளைகளைப் பனியாற்றுக்குக் கூட்டிப்போன அன்று... ஒன்பது முறையும்... அவரும் அவருடைய மைத்துனரும் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். பெட்டி வாங்கினார்கள். பிறகு அந்தப் பெட்டிகளை வைக்க... பெரிய பெட்டி வாங்கினார்கள்."

மச்சினன் எழுந்து வெளியே போனான். வாளி ஞாபகம் வந்ததுபோல் போனான்.

"எங்களைப் பார்த்துக் கழிவறை கழுவக் கற்றதாக எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளியில்... அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அதனால்தான்... அவரிடம் கற்றுக்கொள்ளலாம் என்று... வந்தோம்."

பனி நாட்டம்மாள் குனிந்து வணங்கி உட்கார்ந்தார். அவருடைய பிள்ளைகள் மட்டும் கைதட்டினார்கள்.

அதிகாரியம்மாள் மேடை ஏறினார். நேரே திரையிடம் போய் அதை விலக்கினார். டீச்சர் நின்றிருந்தார்.

"நீங்க அந்த நாட்டுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க டீச்சர்?"

"ஒரு தடவையும் இல்லம்மா."

அதிகாரியம்மாள் பெரிய சார் பக்கம் திரும்பினார். கையில் அறிக்கை இருந்தது. "அப்ப இதை எழுதினது யாரு சார்?"

பெரிய சார் வாயைத் திறந்தார். நேர் எதிரே சுவரில் கண்ணாடிச் சட்டம் வெயில் பட்டு மின்னியது. அறுநூறு பிள்ளைகளும் அவர் கண் போன திசையில் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அவரைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றார் பெரிய சார். "நானே எழுதினேன். படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டேன்."

"நல்லா எழுதறீங்க" என்றார் அதிகாரியம்மாள். சிரித்தாரா இல்லையா என்று முன்வரிசையில் இருந்த தையல்காரருக்கே தெரியவில்லை. "அந்தத் திறமை வீணாகக் கூடாது. இனிமே சுற்றுலாவுக்குப் பூகோள டீச்சர் தலைமை. நீங்க இங்கேயே இருந்து அறிக்கை எழுதுங்க. டீச்சருக்குத் திருப்தியாகற வரைக்கும் எழுதுங்க. வெள்ளிக்கிழமை வேலையும் நடக்கட்டும். உறுதி கூறியிருக்கீங்களே."

மறு வருஷம் பட்டியலில் டீச்சர் பெயர் முதலில் இருந்தது. கோடு இல்லை. கோட்டை இறக்கிப் போட்டுப் பார்த்தால் இடுப்பில் ஒரு அங்குலம் தொளதொளத்தது. "பழி தீத்தா உடம்பு இளைக்கும் போல" என்று தையல்காரர் பிடித்துத் தைத்தார்.

வழக்கம் வழக்கம்தான்; கிளம்புவதற்கு முன்பே அறிக்கை தயாராக வேண்டும். பெரிய சார் எழுதிக் கொண்டுவந்தார். டீச்சர் அவர் அறையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து, எட்டுப் பக்கத்தையும் வரி வரியாகப் படித்தார். பெரிய சார் நின்றுகொண்டிருந்தார்.

"'வெள்ளை வெளேரென்ற பனியாறு'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"நீங்க ஒன்பது தடவை போயிட்டு வந்தவர். பனியாறு என்ன நிறம் சார்?"

பெரிய சார் கண்ணைச் சுருக்கினார். "வெள்ளை... தானே டீச்சர்?"

டீச்சர் பேனாவை மூடினார். "மறுபடி எழுதிக் கொண்டாங்க."

இரண்டாம் தடவை 'தூய வெண்மை' என்று வந்தது. மூன்றாம் தடவை 'பால் போன்ற'. நான்காம் தடவை நிறத்தையே விட்டுவிட்டு 'அழகிய' என்று எழுதிப் பார்த்தார். எட்டு எட்டுப் பக்கமாகத் திரும்பிப் போனது.

வெள்ளிக்கிழமை, கையில் பிரஷோடு, பெரிய சார் வராந்தாவில், டீச்சரிடம் நீலம் என்று சொன்ன அந்தப் பெண்ணை மறித்தார். இப்போது அவள் எட்டாம் வகுப்பு.

"ஏம்மா, நீ போயிட்டு வந்தவதானே? பனியாறு என்ன நிறம்மா?"

அவள் எதிர் வராந்தாவைப் பார்த்தாள். நாற்காலியில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, தலையை மிக லேசாக, காது குடைகிற ஈயை விரட்டுகிற அளவுக்கு, இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"சிவப்பு சார்" என்றாள் அவள்.

"சிவப்பா?"

"செக்கச் செவேல்னு இருக்கும் சார்."

ஐந்தாம் தடவை அறிக்கை வந்தது. டீச்சர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். ஆறாம் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, மேலே போனார். குமாஸ்தா மஞ்சள் துண்டுகளோடு தயாராக இருந்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் டீச்சர். "கையெழுத்துப் போடுங்க சார். படிச்சுப் பாத்தீங்கல்ல?"

"நான்தானே எழுதினேன் டீச்சர்!" என்று பெரிய சார் பச்சைப் பேனாவைத் திறந்தார்.